தம்பியின் பெயரில் கோப்பை வழங்கும் ஊர்க் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஊர்க் கமிட்டித் தலைவர் அவர்களுக்கும், நாட்டாண்மைகளுக்கும், ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், பள்ளிவாசல் ஜமாஅத் தலைவர் அவர்களுக்கும், மாதா கோயில் பங்குப் பேரவையினருக்கும், இளைஞர் நற்பணி மன்றத்தாருக்கும்:

இந்த ஆண்டு காணும் பொங்கல் இரவு, கபடி இறுதி ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பேச நான் கேட்டிருந்த அனுமதியை முதலில் தந்த கமிட்டி, போகியன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திடலின் நுழைவாயிலில் நான் கட்டியிருந்த நான்கடித் தட்டியையும் யாரோ அவிழ்த்துச் சுருட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். போகிக் கொளுத்தலில் போடாமல் கொண்டுவந்து வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி. பெண்டுபிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அம்மன் சன்னதிக்கு எதிரே, விரை என்றும் விதைப்பை என்றும் ஒலிபெருக்கியில் பேசுவது ஊருக்கு அழகல்ல என்பது எனக்குச் சொல்லப்பட்ட காரணம்.

அதே இரவில், அதே ஒலிபெருக்கியில், சிறந்த பாடி ஆட்டக்காரருக்கான சுழற்கோப்பையை வழங்கும்போது என் தம்பியின் பெயரைச் சொல்லி, 'உடல்நலக் குறைவால் அகால மரணமடைந்த நம் மண்ணின் வீரர்' என்று அறிவித்தீர்கள். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் அறிவிக்கிறீர்கள். அவனுக்கு வந்த உடல்நலக் குறைவுக்கு ஒரு பெயர் உண்டு. அது விரைப் புற்றுநோய். இறக்கும்போது அவனுக்கு வயது 23.

தலைவர் அவர்களை நான் பெரியப்பா என்று அழைப்பவன். நாளை தெருவில் கண்டாலும் அப்படித்தான் அழைப்பேன். ஆயினும் இந்த மடலை உறவுக்காரருக்கு எழுதவில்லை, அந்தப் பதவியில் இருப்பவருக்கு எழுதுகிறேன். எது நடந்தது என்பதைக் கோப்பை வாங்கும் பையன்கள் ஒருவரும் அறியாததால், அதை முழுவதும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் குளிக்கும்போது இடப்பக்க விரையில் நிலக்கடலைப் பருப்பு அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. வலி இருந்திருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருப்பான். முந்தைய வாரம் நடந்த ஆட்டத்தில் யாரோ மிதித்தது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டான். வழக்கமாக ஆற்றுப் படித்துறையில் பத்துப் பேரோடு குதித்துக் குளிக்கிறவன், அதன் பிறகு இருட்டிய பின் பம்புசெட்டுக்குத் தனியாகப் போய்க் கைலியோடு குளித்துவிட்டு வந்தான். காதல் விவகாரமோ என்று நினைத்து நான் கேலி செய்தேன். அந்தக் கேலியை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஐப்பசியில் நடையில் மாற்றம் தெரிந்து அம்மா கேட்டபோது, 'ஒன்றுமில்லை, கொஞ்சம் வீங்கியிருக்கிறது' என்றான். எங்கள் அப்பாயி ஒரே சொல்லில் நோயைத் தீர்மானித்தார்: ஓதம். காவிரிப் படுகையில் அது இயல்பான முடிவு. யானைக்கால் காய்ச்சலும் அதன் பின்னால் வரும் விரைவீக்கமும் இந்த மண்ணில் எத்தனை தலைமுறை ஆண்களை முடக்கிப் போட்டன என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். வீட்டுக்கு வீடு யானைக்கால் மாத்திரை கொடுத்து, எதிரே நின்று விழுங்க வைத்த காலமும் நமக்கு நினைவிருக்கிறது. ஆகவே அந்தக் கிருமிக்கான சோதனைதான் முதலில் நடந்தது. அது ரத்தத்தில் இரவில்தான் உலவும் என்பதால், ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்ததும், ஆபத்து நீங்கியது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவர், அவனை நாற்காலியில் உட்கார வைத்தபடியே கேட்டறிந்து, கிருமித்தொற்று என்று பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் அவிழ்த்துக் காட்டச் சொல்லவில்லை; இவனும் காட்டுவதாகச் சொல்லவில்லை.

மார்கழியில் இடுப்புக்கு மேல் முதுகில் வலி தொடங்கியது. விரையிலிருந்து இந்த நோய் முதலில் பரவும் இடம், வயிற்றின் பின்புறம் முதுகெலும்பை ஒட்டியுள்ள நிணநீர் முடிச்சுகள் என்பது எங்களுக்குத் தெரியாது. சுளுக்கு வழிப்பவரிடம் மூன்று முறை அழைத்துப் போனேன். பிறகு பெண்களுக்கு இருப்பதுபோல மார்பு சற்றே பருத்தது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு சுரப்பை இந்தக் கட்டிகளில் சில சுரக்கும், அதனால் சிலருக்கு மார்பு பருக்கும் என்று பின்னாளில் மருத்துவர் விளக்கினார். அன்றைக்கு அது தெரியாமல், ஆட்டக்களத்தில் சட்டையைக் கழற்ற மறுத்த அவனைச் சக ஆட்டக்காரர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை எழுத எனக்கு மனமில்லை. அந்தத் தைப் பொங்கலுக்கும் அவன் ஆடினான். அரையிறுதியில் ஒரே பாட்டில் மூவரைத் தொட்டுவிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து, குனிந்து நெடுநேரம் இருமினான்.

மாசியில் இருமலில் ரத்தம் வந்தது. மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களிலும் உருண்டை உருண்டையாக வெள்ளைப் புள்ளிகள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், அதைக் கீழே வைத்துவிட்டு, 'தம்பி, கைலியை அவிழ்த்துப் படு' என்றார். கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஏழு மாதம் கழித்து ஒரு மருத்துவரின் கை அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான். ஸ்கேனும் மூன்று ரத்தச் சோதனைகளும் அன்றைக்கே முடிந்தன. அறுவை செய்து விரையை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். சித்திரையில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஒரே வார்டில் அவனுக்கு இரண்டு கட்டில் தள்ளி வேறு மாவட்டத்துக் கல்லூரி மாணவன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் இதே நோய்தான். லாரி ஓட்டும் அவனுடைய மாமா, வடக்கே எங்கோ ஒரு மருத்துவ முகாமில் கேட்டதை வீட்டில் சொல்லி வைத்திருந்ததால், கட்டி தெரிந்த மூன்றாவது வாரமே வந்து சேர்ந்துவிட்டான். இன்று அவன் வேலைக்குப் போகிறான். சென்ற ஆண்டு திருமணப் பத்திரிகை அனுப்பியிருந்தான். மருந்தும் மருத்துவமனையும் இருவருக்கும் ஒன்றே. வீட்டில் பேச ஒரு மாமா அவனுக்கு வாய்த்திருந்தார். என் தம்பிக்கு அந்த மாமாவின் இடத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள் நானும் நீங்களும்.

இது மிக அரிதான நோய், இதற்காக ஊரையே கூட்டிப் பேச வேண்டுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி என்பதால் பதில் சொல்கிறேன். இந்தியாவில் ஓராண்டில் லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் இதைப்போலப் பல மடங்கு. ஆனால் மற்றப் புற்றுநோய்கள் பெரும்பாலும் முதுமையைத் தேடி வர, இது பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்களைத் தேடி வருகிறது. நம் திடலில் ஆடுகிறவர்களின் வயதும் அதுதான். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 70 ஆயிரம் பேருக்கு மேல் இது கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 9 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பவர்கள் பிழைத்தவர்கள். 1974இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கும் வரை, உடலெங்கும் பரவிய நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று விரையைத் தாண்டாத நிலையில் வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் குணமடைகிறார்கள். பரவிய பிறகு வருகிறவர்களிலும் ஐந்தில் நால்வர் பிழைக்கிறார்கள். என் தம்பி ஐந்தாமவன்.

கமிட்டி இளைஞர்கள் கிரிக்கெட்டைச் சொன்னால் காது கொடுப்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். 2011 உலகக் கோப்பைத் தொடரின் நாயகனான யுவராஜ் சிங்குக்கு இரு நுரையீரல்களுக்கும் நடுவே வந்த கட்டி, தோன்றிய இடம் வேறு என்றாலும், விரையில் வருவதன் உடன்பிறப்புதான். அதே மருந்துக் குடும்பத்தால் குணமாகி, 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மட்டையோடு இறங்கினார். ஐவரி கோஸ்ட் கால்பந்து வீரர் செபாஸ்டியன் ஹாலருக்கு 2022 ஜூலையில் விரைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் அவரே. அந்த மனிதர் இந்தச் சொல்லை உலகத்தின் முன் சொல்லிவிட்டுத்தான் சிகிச்சைக்குப் போனார்.

அடுத்து, அழகல்ல என்ற காரணம். நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தின் பின்சுவரில் 'மூலம், பவுத்திரம், விரைவீக்கம்' என்று முழ உயர எழுத்தில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது? பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் கீழே நின்றுதான் பேருந்து ஏறுகிறார்கள். இந்த ஆண்டுப் போட்டியின் நன்கொடையாளர்களில், லாட்ஜில் அறை எடுத்து ஆண்மைக் குறைவுக்கு லேகியம் விற்கும் ஒரு வைத்தியசாலையும் உண்டு. அதன் பன்னிரண்டடி விளம்பரத் தட்டி அம்மன் சன்னதியைப் பார்த்தபடிதான் மூன்று நாளும் நின்றது. என்னுடைய தட்டியில் இருந்தது ஏழு வரி: 'விரையில் வலியில்லாத கட்டியோ கெட்டித்தன்மையோ வீக்கமோ தெரிந்தால், மறைக்காதீர்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. இருந்தாலும் சீக்கிரம் வந்தால் குணமாகும். அரசு மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுங்கள்.' இந்த இரண்டில் ஊருக்கு அழகில்லாதது எது என்று கமிட்டி தீர்மானித்த விதம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உண்மையான தயக்கம் வேறு என்பது எனக்குத் தெரியும். 'இதைப் பேசினால் நம் ஊர்ப் பையன்களுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்' என்று நாட்டாண்மை ஒருவர் என்னிடமே சொன்னார். அந்தப் பயம் பொய்யல்ல. என் தம்பிக்கு வந்தது தெரிந்ததும் எனக்கு வந்திருந்த இரண்டு வரன்கள் நின்றுபோயின. ஆனால் ஒரு விரையை எடுத்த பிறகும், மற்றது நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் பெரும்பாலோருக்குத் தடையில்லை. மருந்து ஏற்றுவதற்கு முன் விந்தணுவைச் சேமித்து வைக்கவும் வழி உண்டு. இது தொற்றும் நோயுமல்ல, யாருடைய நடத்தையாலும் வருவதுமல்ல. உடன்பிறந்தவனுக்கு இருந்தால் மற்றவனுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர் சொன்னதால் நானும் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன்; ஒன்றுமில்லை. அந்தக் கட்டிலில் படுத்தபோது எனக்கு வந்த வெட்கத்தை மறைக்கப் போவதில்லை. அது பத்து நிமிட வெட்கம்.

வெட்கத்தை உடைக்கத் தெரியாத ஊரும் அல்ல இது. போலியோ சொட்டு மருந்துக்குக் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் என மூன்று ஒலிபெருக்கிகளும் ஒரே காலையில் அழைத்திருக்கின்றன. 1986இல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு எய்ட்ஸ் என்ற சொல்லை வாயால் சொல்லவே கூசிய நாம்தான், பிறகு 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வியைப் பேருந்துகளிலும் சுவர்களிலும் படித்து, அதைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசினோம். அம்மன் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

மாதாமாதம் ஊர் ஆண்கள் எல்லோரையும் சோதனைக்கு அழைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்த நோய்க்கு அப்படியொரு ஊர் தழுவிய சோதனையை மருத்துவ உலகமும் பரிந்துரைப்பதில்லை. தன் உடல் வழக்கமாக எப்படி இருக்கும் என்பதை ஒருவன் அறிந்திருந்தால் போதும். வெந்நீரில் குளித்த பின், தோல் தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விரையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பது இயல்பு. பின்புறம் மிருதுவாகக் கயிறுபோல் தட்டுப்படுவதும் இயல்பு. முன்பு இல்லாத கெட்டியான புடைப்போ, ஒரு பக்கம் கனப்பதோதான் காட்ட வேண்டியது. காட்டினால் பெரும்பாலும் அது ஓதமாகவோ குடலிறக்கமாகவோ ரத்தக்குழாய் புடைப்பாகவோ கிருமித்தொற்றாகவோ இருக்கும், அவற்றுக்கும் மருத்துவம் உண்டு. திடீரென்று உயிர்போகும் வலி என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் அந்த விரை பிழைப்பது கடினம். அப்படி வலித்தும், விடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த பையன்கள் நம் தெருக்களிலும் இருக்கக்கூடும். ஆகையால் இந்த ஐந்து நிமிடப் பேச்சு ஓர் அரிய நோய்க்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம்.

என் கோரிக்கைகள் இவை. முதலாவது, அடுத்த ஆண்டுக் கபடி இறுதி ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். நான் பேசக் கூடாதென்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பேசட்டும். அதற்குப் பத்து மாதம் காத்திருக்காமல், ஆடித் திருவிழாவையொட்டி நடக்கும் மருத்துவ முகாமிலேயே ஆண்களுக்கென்று திரை கட்டிய ஓர் அறையும், ஓர் ஆண் மருத்துவரும், மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டு மணி நேரமும் வேண்டும். வயல் வேலை முடித்து வருகிறவர்கள் பகலில் வர மாட்டார்கள். யாரும் கேட்காமலேயே மருத்துவர் கேட்டுப் பார்க்கும் ஏற்பாடாக அது இருக்க வேண்டும், ஏனென்றால் நம் பையன்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

திருப்பித் தரப்பட்ட அந்தத் தட்டியை நூலகம், நியாயவிலைக் கடை, இரண்டு முடிதிருத்தும் நிலையங்கள், திடல் ஆகிய ஐந்து இடங்களிலும் ஊராட்சியின் பெயரிலேயே வைக்க வேண்டும்; அச்சுச் செலவை நான் ஏற்கிறேன். ஜமாஅத் தலைவர் அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகும், பங்குப் பேரவையினர் இளைஞர் கூட்டத்திலும், ஆண்கள் மட்டும் இருக்கும் அந்த நேரத்தில் இதை எடுத்துச் சொல்லலாம்; எங்கள் கமிட்டிக்கு இருக்கும் சன்னதிச் சிக்கல்கூட அங்கே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு வகுப்பு கேட்டுப் பெற வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு செய்தி சேர வேண்டும். பிறந்த ஆண் குழந்தைகளில் சிலருக்கு ஒரு விரை பைக்குள் இறங்காமல் மேலேயே தங்கிவிடும். ஆறு மாதத்தில் இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்க வேண்டும். அப்படி இறங்காத விரையில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். 'வளர்ந்தால் இறங்கிவிடும்' என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு விடாமல், கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டச் சொல்லி மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் அறிவிக்கச் செய்யுங்கள்.

மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் பேருந்துக் கட்டணத்துக்கும், உடன் தங்குபவரின் சாப்பாட்டுக்கும், இழந்த கூலிக்கும் அதில் இடமில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் தோடு போனது அதற்குத்தான். கோயில் பொது நிதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் குடும்பத்துக்கு, எந்தத் தெருவாக இருந்தாலும், வழிச்செலவு தர ஒரு தீர்மானம் போடுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து எடுத்துக் கொடுங்கள். லேகியக் கடையின் நன்கொடையை அடுத்த ஆண்டு வாங்காதீர்கள். அந்தத் தொகை எவ்வளவு என்று சொன்னால், நானும் தம்பியோடு ஆடிய பதினோரு பேரும் சேர்ந்து அதைக் கட்டிவிடுகிறோம்.

கடைசிக் கோரிக்கை கோப்பையைப் பற்றியது. அதை வழங்கும்போது 'உடல்நலக் குறைவால்' என்ற சொல்லை நீக்கி, 'விரைப் புற்றுநோயால் இறந்த' என்று அறிவியுங்கள். அது இயலாதென்றால் கோப்பையின் அடிப்பீடத்தில் பொறித்திருக்கும் என் தம்பியின் பெயரை எடுத்துவிடுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரா நோயா என்று நான் விளக்கத் தொடங்கியதுமே, 'இரண்டையும் சொல்லச் சொல்லு' என்றாள்.

வருகிற அமாவாசைக் கூட்டத்தில் இந்த மடலைப் படித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் உண்டு அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். கூட்டம் முடியும் வரை சுருட்டிய தட்டியோடு மண்டபத் திண்ணையில் இருப்பேன்.

இப்படிக்கு,
கோப்பையில் பெயர் உள்ளவனின் அண்ணன்